ஒன்பதாம் வகுப்பு ஒளிப் பாடமும் செயற்கை நுண்ணறிவும்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'செயற்கை நுண்ணறிவும் அறிவியல் வகுப்பறையும்'. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் எந்தச் செயலி வினாத்தாள் தயாரித்துத் தரும், எது படம் வரைந்து தரும் என்று ஆரம்பிப்பார்கள். அதையெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். நான் கம்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். கம்பி என்றுகூடச் சொல்லக் கூடாது, கண்ணாடி இழை. அதற்குக் காரணம், வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறான பதில்.

சென்ற ஜூலையில் எங்கள் ஊர்ச் சாலையோரம் வாய்க்காலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். பொக்லைன் வாளி எங்கள் பள்ளிக்கு வரும் இணைய ஒளியிழையை அறுத்துவிட்டது. ஒன்பது நாள்கள் ஹைடெக் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. பத்தாம் நாள் ஒரு சிறிய பெட்டியோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அதில் ஒருவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. போனவன். நன்றாகப் படிக்கக்கூடியவன், மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுப்பான் என்று எதிர்பார்த்தேன். 'கேபிள் இழுக்கிற வேலைக்குப் போயிட்டான் சார்' என்று யாரோ சொன்னபோது வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தை அவனிடமே ஒருமுறை, கொஞ்சம் கடுமையாகவே, சொல்லியும் இருக்கிறேன்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் எனக்கு 'ஒளி' பாடம். பிள்ளைகளை அப்படியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். அவன் வேலை செய்வதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இழையின் மேலிருந்த வண்ணப் பூச்சை உரித்தான். ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்தான். ஒரு சின்னக் கருவியில் வைத்து 'டக்' என்று வெட்டினான். இரண்டு முனைகளையும் பெட்டிக்குள் வைத்து மூடியதும் உள்ளே ஒரு மின்பொறி பறந்தது. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒட்டிக்கொண்டன. திரையில் 0.02 டெசிபல் என்று வந்தது. "பாஸ் சார்" என்றான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று பன்னிரண்டு நிறங்களின் வரிசையை அவன் மூச்சுவிடாமல் ஒப்பித்ததைக் கேட்டு என் பிள்ளைகள் கைதட்டினார்கள். தனிம வரிசை அட்டவணையை ஒப்பித்தபோது ஒருவரும் எனக்குக் கைதட்டியதில்லை.

அப்போது முன்வரிசையில் நின்ற ஒரு மாணவி கேட்டாள்: "சார், சாட்ஜிபிடி கேட்டா பதில் சொல்லுதே, அதுக்கும் இந்தக் கம்பிக்கும் சம்பந்தம் இருக்கா?"

"அது வேற, இது வேறம்மா. அது சாப்ட்வேர். இது நமக்கு நெட் கொண்டுவர்ற லைன், அவ்வளவுதான்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவன் பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு கலைந்த பிறகு தயங்கியபடி வந்தான். "சார், தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் எட்டு மாசம் சென்னைப் பக்கம் ஒரு டேட்டா சென்டர்லதான் வேலை பார்த்தேன். அந்த ஏஐ மெஷின் இருக்கிற ஹால்ல இழுத்த ஃபைபர், நான் நாலு வருஷமா ஊர் ஊரா இழுத்ததைவிட அதிகம் சார். ஒரு கட்டடத்துக்குள்ளேயே."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளாக 'ஒளியிழையின் பயன்கள் யாவை?' என்ற வினாவுக்கு 'எண்டோஸ்கோப்பி, தொலைத்தொடர்பு' என்று எழுதினால் மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன். அந்த விடையில் தவறில்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் அத்தனை இழை எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிறகு சில மாதங்கள் தேடிப் படித்தேன். படித்ததில் நம் வகுப்பறைக்கு உதவக்கூடியதை மட்டும் இன்று சொல்கிறேன்.

நண்பர்களே, விடைத்தாள் திருத்தும் மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அந்த மரப் பெஞ்சின் நினைவு முதுகிலேயே இருக்கும். அங்கே ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே திருத்துகிறோம். பக்கத்தில் இருப்பவர் டீ குடிக்கப் போனால் நம் வேலை நிற்பதில்லை. பழைய தரவு மையங்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. ஒருவர் மின்னஞ்சல் பார்க்கிறார், இன்னொருவர் ரயில் டிக்கெட் எடுக்கிறார். ஒவ்வொரு வேலையையும் ஏதோ ஒரு கணினி பார்த்துக்கொள்ளும்.

இப்போது விதியை மாற்றுவோம். மையத்தில் 16,000 ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு விடைத்தாளைத் திருத்த வேண்டும். திருத்தியதும், 'விடைக்குறிப்பில் இந்த இடத்தை இவ்வளவு மாற்றலாம்' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். 16,000 பேரின் குறிப்புகளையும் கூட்டி, சராசரி எடுத்து, திருத்திய விடைக்குறிப்பு எல்லோர் கைக்கும் வந்து சேர வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த விடைத்தாளைத் தொடலாம். ஒருவர் டீக்குப் போனாலும் மற்ற 15,999 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது இலட்சக்கணக்கான முறை நடக்க வேண்டும்.

பெரிய மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. திருத்துபவர் இடத்தில் ஜி.பி.யு. எனும் கணிப்புச் சில்லு. விடைக்குறிப்பு இடத்தில் மாதிரியின் கோடிக்கணக்கான எண்கள். வேலையின் வேகம் திருத்துபவரின் திறமையோடு நிற்பதில்லை, குறிப்புகளைச் சுமந்து ஓடும் ஆளின் காலையும் நம்பியிருக்கிறது. அந்த ஓட்டக்காரர்தான் ஒளியிழை.

நான் சொல்லும் 16,000 கற்பனை எண் இல்லை. மெட்டா நிறுவனம் லாமா 3 மாதிரியை உருவாக்கிய விதத்தை 2024 ஜூலையில் விரிவான ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதன் மிகப்பெரிய வடிவத்துக்கு 16,384 ஜி.பி.யு.க்கள் வரை ஒரே நேரத்தில் உழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 400 கிகாபிட் வேகத்தில் வலை இணைப்பு. அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி ஒன்று உண்டு. 54 நாள்களில் எதிர்பாராத தடங்கல்கள் 419. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. பெரும்பாலானவை சில்லுகளின் கோளாறு. ஆனால் 35 தடங்கல்கள் வலை சுவிட்ச், கேபிள் ஆகியவற்றால் வந்தவை. அத்தனை கோடி முதலீட்டில் நடக்கும் வேலை, ஒரு கேபிளுக்காக நின்றிருக்கிறது.

என் மாணவனிடம் இதைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. "ஒரு தூசி போதும் சார்" என்றான். நீண்ட தூரம் செல்லும் ஒளியிழையின் வெளிவிட்டம் 125 மைக்ரான். அதில் ஒளி செல்லும் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். நம் சாக்பீஸ் தூசியில் ஒரு துகள் போய் முனையில் உட்கார்ந்தால் வழி அடைபட்டுவிடும். ஆல்கஹால் தாளால் அவன் அவ்வளவு பொறுமையாகத் துடைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சரி, செம்புக் கம்பியே போதாதா? எல்லாருக்கும் தெரிந்த, மலிவான, கைக்கு அடங்கிய பொருள்தானே?

குறைந்த தூரத்துக்கு இன்றும் செம்புதான். என்விடியா நிறுவனம் 2024 மார்ச்சில் 72 ஜி.பி.யு.க்களை ஒரே அலமாரியில் அடுக்கிய அமைப்பை அறிமுகம் செய்தது. அதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள், மொத்த நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். ஏன் ஒளியிழை வைக்கவில்லை என்பதற்கு அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே காரணம் சொன்னார். ஒளியிழை வைத்திருந்தால் மின்சாரத்தை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்றுவதற்கு மட்டுமே 20 கிலோவாட் செலவாகியிருக்கும் என்றார். அந்த அலமாரி முழுவதும் எடுக்கும் மின்சாரமே 120 கிலோவாட் அளவுதான்.

ஆனால் வேகம் கூடக் கூடச் செம்பின் தூரம் சுருங்குகிறது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலை ஒட்டியே ஓடும். பயன்படும் குறுக்குப் பரப்பு குறைகிறது, மின்தடை கூடுகிறது. கம்பியைச் சுற்றியுள்ள காப்புப் பொருளும் தன் பங்குக்கு ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. இன்றைய வேகத்தில் சாதாரணச் செம்புக் கேபிள் இரண்டு மூன்று மீட்டரிலேயே மூச்சு வாங்கிவிடும். அலமாரிக்குள் செம்பு, அலமாரியைத் தாண்டினால் கண்ணாடி. இன்றைய எல்லைக்கோடு இதுதான். வேகம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு சில்லை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது.

கண்ணாடியின் கதையும் சுவையானதுதான். 1841-இல் ஜெனீவாவில் டேனியல் கொலாடன் என்பவர் பீறிட்டு விழும் நீருக்குள் ஒளியை வளைத்துக் காட்டினார். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டியது 1954-இல். ஆனால் செய்தித் தொடர்புக்கு அது உதவவில்லை. 1960-களின் இழைகளில் 20 மீட்டர் போனாலே ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1966-இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசில் இருக்கிறது என்று எழுதினார்கள். கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்பு என்ற அளவுக்கு வந்துவிட்டால் போதும் என்றார்கள். அதாவது ஒரு கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும்! நான்கே ஆண்டுகளில், 1970-இல், கார்னிங் நிறுவனத்தின் மூன்று அறிவியலாளர்கள் அதையும் தாண்டினார்கள். இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவு. 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிச்சம் இருக்கும். மடக்கை நடத்தும் கணித ஆசிரியர்கள் இந்தக் கணக்கை வகுப்பில் தாராளமாகப் போடலாம். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இழைதான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு என்ன பிரச்சினை? இழையின் இரண்டு முனைகளிலும் இருக்கிறது பிரச்சினை. ஒவ்வொரு முனையிலும் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு சிறு பெட்டி செருகியிருப்பார்கள். டிரான்சீவர் என்று பெயர். மின்சாரத்தை ஒளியாக்க ஒரு லேசர், ஒளியை மின்சாரமாக்க ஒரு ஒளி உணரி, நடுவில் சிதைந்த சைகையைச் சீர்செய்ய ஒரு சில்லு. நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாமா 3-க்கு மெட்டா அமைத்த வலையில் 24,000-க்கும் மேற்பட்ட ஜி.பி.யு.க்கள், மூன்று அடுக்குச் சுவிட்சுகள். ஒரு அடுக்கில் மட்டும் ஒரு ஜி.பி.யு.வுக்கு ஒரு 400 கிகாபிட் ஒளி இணைப்பு என்று வைத்துக்கொண்டால், இணைப்புக்கு இரண்டு முனை, ஏறக்குறைய 48,000 பெட்டிகள். பெட்டிக்கு 10 வாட் என்றால் கிட்டத்தட்ட 480 கிலோவாட். 480 இஸ்திரிப் பெட்டிகளை இரவும் பகலும் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். இது செய்தியைச் சுமப்பதற்கு மட்டும், கணக்குப் போடுவதற்கு ஆகும் செலவு தனி.

மின்சாரம் இங்கே சும்மா சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. 2024-இல் உலகத் தரவு மையங்கள் பயன்படுத்திய மின்சாரம் 415 டெராவாட் மணி அளவு என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலகப் பயன்பாட்டில் சுமார் 1.5 விழுக்காடு. 2030-இல் அது 945-ஐ எட்டும் என்பது அவர்களின் மதிப்பீடு. அதனால்தான் பொறியாளர்கள் ஒவ்வொரு வாட்டுக்கும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அவர்கள் செய்த மூன்று வேலைகளைச் சொல்கிறேன். மூன்றிலும் நம் பாடப்புத்தகம் இருக்கிறது.

முதலாவது எளியது. விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினால் 0, 1 என்று ஒரு தடவைக்கு ஒரு பிட் அனுப்பலாம். அதே விளக்கை நான்கு பிரகாச நிலைகளில் வைத்தால் 00, 01, 10, 11 என்று ஒரு தடவைக்கு இரண்டு பிட். வேகம் இரட்டிப்பு. ஆனால் நிலைகளுக்கிடையே இடைவெளி குறைந்துவிடுவதால் பிழை கூடும், பிழை திருத்தும் கணக்கு கூடவே வேண்டும். இன்றைய வேகமான இணைப்புகள் எல்லாம் இந்த நான்கு நிலை முறையில்தான் ஓடுகின்றன. ஆறாம் வகுப்பில்கூட டார்ச் விளக்கை வைத்து விளையாடிக் காட்டலாம்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. சுவிட்ச் என்ற பெட்டி, வரும் ஒளியை மின்சாரமாக்கி, எங்கே போக வேண்டும் என்று பார்த்து, மறுபடி ஒளியாக்கி அனுப்பும். இரண்டு மாற்றம், இரண்டு செலவு. கூகுள் பொறியாளர்கள் ஒன்று செய்தார்கள். ஒளியை மாற்றவே வேண்டாம், கண்ணாடி வைத்துத் திருப்பிவிடலாம் என்றார்கள். சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய ஆடிகள், மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே சாயும். ஒரு பெட்டியில் 136 வாயில்கள், எந்த வாயிலின் ஒளியையும் எதிர்ப்பக்கத்தில் வேண்டிய வாயிலுக்குத் திருப்பலாம். 4,096 சில்லுகள் கொண்ட தங்கள் டி.பி.யு. 4 கணினியை இப்படிப்பட்ட 48 பெட்டிகளால் இணைத்திருப்பதாக 2023-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு அலமாரி பழுதானால் ஆடிகளைச் சாய்த்து வேறு அலமாரியைச் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் போய்க் கேபிளைப் பிடுங்கி மாட்ட வேண்டியதில்லை. இந்த ஆடிப் பெட்டிகளுக்கு ஆகும் மின்சாரம், மொத்தக் கணினியின் மின்சாரத்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. சமதள ஆடி θ கோணம் திரும்பினால் எதிரொளித்த கதிர் 2θ கோணம் திரும்பும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவோமே, அதே பாடம்தான். இது எதுக்கு சார் என்று கேட்கும் பிள்ளைக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

மூன்றாவது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. டிரான்சீவர் பெட்டி சுவிட்சின் முகப்பில் செருகியிருக்கிறது. சுவிட்சின் மூளையான சில்லு உள்ளே ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அந்த ஒரு சாண் செம்புத் தடத்திலேயே சைகை சிதைந்துவிடுகிறது. அதைச் சீர்செய்யத்தான் பெட்டிக்குள் மின்சாரம் தின்னும் சில்லு. அப்படியானால் ஒளியை நேரே சில்லின் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டால்? பிராட்காம், என்விடியா போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. என்விடியா 2025 மார்ச்சில் இப்படிப்பட்ட சுவிட்சுகளை அறிவித்தபோது மின்சாரச் சிக்கனம் 3.5 மடங்கு என்றது. நிறுவனம் தன் பொருளைப் பற்றித் தானே சொன்ன கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கை, லேசரை மட்டும் சில்லின் பக்கத்தில் வைப்பதில்லை. சூட்டில் லேசரின் ஆயுள் குறையும். ஆகவே அதைத் தனியாகக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒளியை மட்டும் இழை வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். கெட்டுப்போனால் கழற்றி மாட்டவும் வசதி.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்கு ஒளி செல்லும்போதுதான் முழு அக எதிரொளிப்பு நிகழும் என்று நடத்துகிறோம். நடுவில் ஓட்டை போட்டுக் காற்றாக விட்டால் ஒளி போகுமா என்று ஒரு மாணவன் கேட்டால், போகாது, உட்கார் என்போம். போகிறது நண்பர்களே! உட்புறம் காற்று, அதைச் சுற்றி மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்கள். முழு அக எதிரொளிப்பு இல்லாமல், அந்த மெல்லிய சுவர்களில் நிகழும் குறுக்கீட்டு விளைவால் ஒளி உள்ளேயே அடைபட்டுப் போகிறது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த தொழில்நுட்பம் இது. அதிலிருந்து பிறந்த நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2022-இல் வாங்கியது. கண்ணாடியில் ஒளியின் வேகம் விநாடிக்கு 2 இலட்சம் கிலோமீட்டர், காற்றில் 3 இலட்சம். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு வேண்டிய மின்சாரம் ஒரே இடத்தில் கிடைக்காததால் வெவ்வேறு ஊர்களில் கட்டி இணைக்கிறார்கள். அங்கே இந்த வேகம் உதவுகிறது. 2025-இல் இந்த வகை இழையில் கிலோமீட்டருக்கு 0.091 டெசிபல் இழப்பு மட்டுமே என்று அளந்து வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டாகக் கண்ணாடி இழை தாண்டாத எல்லை அது. அந்த மாணவனை உட்காரச் சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

இதையெல்லாம் படித்த பிறகு அதே ஒன்பதாம் வகுப்புக்குப் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்ட மாணவி மட்டும், "தெரியும் சார், அந்த அண்ணன் மூஞ்சியைப் பார்த்தே நினைச்சேன்" என்றாள்.

அந்த அண்ணன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். சொந்தமாக இழை ஒட்டும் இயந்திரம் வாங்க ஆசை, ஒன்றரை இலட்சம் ஆகும், கடன் எடுக்க வேண்டும். "ஏஐ ஏஐனு சொல்றாங்களே, இந்த வேலை நிக்குமா சார்? நீங்க சொன்னா வாங்கிடுறேன்" என்றான். ஒருமுறை அவனுக்குத் தவறான புத்தி சொன்னவன் நான். இந்த முறை சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு பக்கத்தையும் சொன்னேன். தேவை உண்மையானது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூமென் நிறுவனம், கார்னிங் உலகம் முழுவதும் தயாரிக்கும் இழையில் பத்தில் ஒரு பங்கைத் தனக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பதிவு செய்தது. செயற்கை நுண்ணறிவு மையங்களை இணைப்பதற்குத்தான். இது ஒரு பக்கம். மறுபக்கம், இதே போன்ற ஆரவாரம் 1990-களின் கடைசியில் இணையத்துக்காக நடந்தது. தேவைக்கு மேல் இழையைப் புதைத்தார்கள். 2000-இல் 100 டாலருக்கு மேல் விற்ற கார்னிங் பங்கு 2002-இல் ஒரு டாலர் அளவுக்கு விழுந்தது. பெரிய பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் திவாலாயின. அப்போது புதைத்து ஒளியேற்றாமல் விட்ட இழைகளின் மேல்தான் பின்னால் வந்த இணையம் மலிவாக ஓடியது. ஆக, இழை வீண் போகவில்லை. ஆனால் கடன் வாங்கிப் புதைத்தவர்கள் தப்பவில்லை.

தரவு மையத்தை மட்டும் நம்பாதே என்றும் சொன்னேன். கட்டும்போது நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை, ஓடத் தொடங்கிவிட்டால் உள்ளே சிலர்தான். ஊர் ஊராக வீட்டு இணைப்பும் அறுந்த இழையும் இருக்கும்வரை உன் கைக்கு வேலை இருக்கும், அந்தக் கணக்கில் கடன் அடையுமா என்று பார் என்றேன். அவன் ஒரு நோட்டை எடுத்து, மாதம் எத்தனை இணைப்பு வருகிறது என்று எழுதினான். இயந்திரத்தைப் பழையதாக வாங்கினால் தவணை தாங்கும் என்று அவனே கண்டுபிடித்தான். வாங்கிவிட்டான். தவணை இன்னும் ஓடுகிறது. எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்கிறார்கள். ஒரு சோதனை கொண்டுவந்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அடியில் ஐந்து மில்லிமீட்டர் துளை, மறுபுறம் ஒரு லேசர் விளக்கு. கொலாடன் காட்டியதுதான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முன்னால் வாருங்கள், உங்கள் வகுப்பில் செய்ய லேசருக்குப் பதில் சிறிய டார்ச் போதும். லேசரை யார் கண்ணுக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம். அறுந்த ஒளியிழையை எங்காவது கண்டால் அதன் முனையை உற்றுப் பார்க்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதில் செல்லும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

யாராவது அந்த ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கீழே ஒரு வாளியும் வேண்டும்.